தெருப்பெயரில் மிச்சமிருக்கும் ஏரி

தீபாவளிக்குத் துணி எடுக்க தி.நகர் வருகிற எங்க ஊர் ஜனங்களுக்கு, பழைய ஏரி இருந்த இடத்துல நடக்கிறோம்னு தெரியாது. அங்கேயே குடியிருக்கிற உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலத்தைத் தொட்டுக்கொண்டு சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமாக வளைந்து கிடந்தது அந்தத் தண்ணீர். வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி (கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளம் வேறு). இரண்டும் சேர்ந்த நீளத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். நுங்கம்பாக்கம் 1708-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் ஒன்று. மாம்பலமும் கிராமம்தான்.

1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. பட்டணத்தில் ஜனம் பெருகி, வீட்டுமனைக்கு இடம் தேடினார்கள். ஏரி கண்ணில் பட்டது. தண்ணீரை வடித்து மனை பிரித்தார்கள். 1925-ல் காலமான பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. வடக்கே இருந்த ஏரியும் நாளடைவில் 'லேக் ஏரியா' ஆனது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

கோடையில் ஏரி வத்திப்போனா, வெளியாளுக்கு அது சும்மா கிடக்கிற பொட்டல். எங்களுக்கு அது ஆடு மாடு மேயிற இடம், வயலுக்கு வண்டல் அள்ளுற இடம். ஐப்பசியில தண்ணி வந்து நிக்கணும். நிறைஞ்சா மிச்சம் கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகணும். மதகும் கலங்கலும் போய்விட்டால், மழைத்தண்ணி தன் பழைய பள்ளத்தைத் தேடித்தானே வரும்? வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தி.நகர் வழியாக அடையாற்றுக்குப் போகும் மாம்பலம் கால்வாய்தான் இப்போது வடிகால். 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்தீர்கள்.

நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது. அதாவது ஏரிக்கரைத் தெரு. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலைக்குப் பழைய பெயர் 'வில்லேஜ் ரோடு'.

எங்க ஊர் கிராமசபையிலும் யாராவது எழுந்து, "ஏரி சும்மாதானே கெடக்கு, ஒரு ஓரமா கட்டடம் கட்டினா என்ன?" என்பார்கள். அப்போதெல்லாம் நான் சொல்வது இந்த தி.நகர் கதையைத்தான்.