கிட்டக் கொண்டுவா

டெலஸ்கோப் என்ற பெயர் ஒரு விருந்தில் சூட்டப்பட்டது. 1611 ஏப்ரலில் ரோமில் பெடரிகோ செசி என்ற பிரபு கலிலியோவுக்கு விருந்து வைத்தார். வந்திருந்த கிரேக்க அறிஞர் ஜியோவானி தெமிசியானி கொடுத்த பெயர் அது என்பார்கள். கிரேக்கத்தில் தொலைவு, நோக்கு என்ற இரண்டு சொற்களின் கூட்டு. நம் ‘தொலைநோக்கி’ அதன் நேர் வார்ப்பு. பாரசீகத்தின் ‘தூர்பீன்’ சொல்வதும் அதையேதான். அதிலுள்ள ‘தூர்’ நம் ‘தூர’த்துக்கு உறவு.

பொருள் பெயருக்கு மூத்தது. 1608 அக்டோபரிலேயே மிடில்பர்க் நகர மூக்குக்கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஹே அதற்குக் காப்புரிமை கேட்டிருந்தார்.

அறிஞர் வைத்த பெயர் மாலுமியின் நாக்குக்குக் கொஞ்சம் நீளம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கப்பல்களில் அது ‘ஸ்பைகிளாஸ்’, அதாவது உளவுக் கண்ணாடி. அவசரத்தில் வெறும் ‘கிளாஸ்’. அதே கப்பலில் அரைமணி அளக்கும் மணல் கடிகாரமும் கிளாஸ், காற்றழுத்தமானியும் கிளாஸ். ‘கிளாஸ் இறங்குகிறது’ என்றால் புயல் வரலாம். ‘கிளாஸைக் கொடு’ என்றால் தொலைவில் ஏதோ பாய் தெரிகிறது. யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

‘டாலண்ட்’ என்றும் ஒரு பெயர் உண்டு. பிம்பத்தின் ஓரத்தில் வானவில் நிறம் கசிவதைத் தடுக்க, இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த வில்லைக்கு லண்டனைச் சேர்ந்த ஜான் டாலண்ட் 1758இல் காப்புரிமை பெற்றார். நகலை நாம் ‘ஜெராக்ஸ்’ என்பதுபோல, செய்தவர் பெயரே பொருளுக்கு ஆகிவிட்டது.

எந்தப் பெயரிட்டாலும் கருவி ஒன்றே: பித்தளைக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். இழுத்து நீட்டிப் பார்க்க வேண்டும். உருப்பெருக்கத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, ஆடும் தளத்தில் பிம்பம் கண்ணில் நிற்காது. இன்னொரு சிக்கல்: இரண்டே குவிவில்லைகள் வைத்தால் காட்சி தலைகீழாகத் தெரியும். நிமிர்த்தக் கூடுதல் வில்லைகள் வேண்டும். ஒவ்வொன்றும் சிறிது வெளிச்சத்தை விழுங்கும். பகலில் பரவாயில்லை. இருட்டில் அந்த வெளிச்சமும் தேவை என்பதால், ‘நைட் கிளாஸ்’ பலவற்றில் நிமிர்த்தும் வில்லைகளையே விட்டுவிட்டார்கள். எதிரிக் கப்பல் பாய்மரம் கீழே, அடிப்பாகம் மேலே என்று தெரியும். அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பழகிய கண்ணுக்கு மட்டுமே ஆகும் வேலை.

பகலுக்கும் இரவுக்கும் பொதுவான குழாய்க்கு மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் ‘கிட்டக் கொண்டுவா’. அதைக் கடற்சொல் அகராதியில் பதிந்தவர் வில்லியம் ஸ்மித் என்ற அட்மிரல். நூல் வந்தது 1867இல். அவரே பெட்ஃபோர்டில் பெரிய தொலைநோக்கி வைத்து இரட்டை விண்மீன்களை அளந்த வானியலாளர். டெலஸ்கோப்பை நன்கறிந்தவர், கப்பல் தளத்தின் பேச்சையும் விடவில்லை.

1894இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் பட்டகம் பொருத்திய இருகண் நோக்கிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; ஒற்றைக்குழாய் மெல்ல ஒதுங்கியது. கப்பலில் பெயர் மட்டும் பன்மையானது: ‘கிளாசஸ்’.