செப்பேடும் திறவுகோலும்

புத்தகக் கடையில் ஒரு நூலை விலை கொடுத்து வாங்கினால் அது நம்முடையது. பிறருக்கு இரவல் கொடுக்கலாம்; பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம்; கடைக்காரர் கடையை மூடிவிட்டாலும் நூல் நம் அலமாரியை விட்டு அகலாது. கணிப்பொறி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் இன்று நாம் வாங்கும் நூல்களுக்கும் பாட்டுக்களுக்கும் இவ்விதி செல்லுமா என்பது ஐயத்துக்கு இடமாகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டிலும் அது வகுத்த கோப்பு வடிவிலும் கட்டுண்டு கிடக்கும் பொருளை நம் உடைமை என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்? இதனை ஆராய்வதற்குத் திருமலையின் வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்கின்றது.

திருமலைக் கோயிலினுள், உண்டியலுக்கு அணித்தாகக் கல்லாற் கட்டிய சிற்றறை ஒன்று உண்டு. சங்கீர்த்தன பண்டாரம் என்பது அதன் பெயர். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரும் அவர் வழியினரும் வேங்கடவன்மீது பாடிய தெலுங்குப் பதங்கள் செப்பேடுகளிற் பொறிக்கப்பெற்று அங்கே வைக்கப்பட்டன. அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். பதினாறாம் வயதிற் பாடத் தொடங்கினார் என்பதையும், அவர் மறைந்த ஆண்டையும் செப்பேட்டின் முகப்பே தெரிவிக்கின்றது. அவர் பாடியவை 32,000 என்பது மரபு. நமக்குக் கிடைத்திருப்பவை அவற்றிற் பாதிக்கும் குறைவே. பாடல்களைச் செம்பில் ஏற்றுவித்தவர் அவருடைய திருமகனார் பெரிய திருமலாச்சாரியார். ஓலை சில தலைமுறைக்குள் செல்லரித்துவிடும். செம்பை எந்தப் பூச்சியும் தின்பதில்லை. ஆனால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகளுக்கு வேண்டிய செம்பும் உழைப்பும் எளிதில் அமைவன அல்ல.

இவ்வளவு அரும்பாடுபட்டுக் காத்த செல்வம் பிற்காலத்தில் அறைக்குள்ளேயே முடங்கிப்போயிற்று. 1816இல் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்ட ஆங்கில அதிகாரி ஏ. டி. காம்ப்பெல், திருப்பதிச் செப்பேடுகளில் பாடல்கள் இருப்பதாகக் கேள்வியுற்று அவற்றை ஆராய்வித்தார். இலக்கண நூல் ஒன்று அகப்பட்டது. மற்றவற்றில் துதிப்பாடல்களே நிரம்பியிருக்கின்றன என்று எழுதி, அவ்வளவில் விட்டுவிட்டார். தேடிப் போனது வேறாயின் கிடைத்ததன் அருமை தெரிவதில்லை. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 1922இல்தான் அறையின் செல்வம் உலகத்தார் கண்ணிற் பட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி முதலிய அறிஞர்கள் ஏடுகளைப் படித்துப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டனர்.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்கவேண்டும். கதவு திறந்ததும் ஏடுகளைப் படிக்க முடிந்தது. பொறித்திருந்தவை எல்லோரும் அறிந்த தெலுங்கு எழுத்துக்கள். அவற்றைப் படிப்பதற்குத் தாள்ளபாக்கக் குடும்பத்தாரின் இசைவு தேவைப்படவில்லை. எழுத்தை வெட்டிய உளியும் தேவைப்படவில்லை. ஆனால் பாட்டின் மற்றொரு பாதியாகிய இசை கிடைக்கவில்லை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகத்தின் பெயர் உண்டு; சுரக்குறிப்பு இல்லை. மெட்டு, பாடியவர் நெஞ்சிலேயே இருந்து அவரோடு மறைந்தது. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற இசைவாணர்கள் பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்தனர். 1980ஐ ஒட்டி எம். எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த இசைத்தட்டுக்களால் அன்னமாச்சாரியாரின் பெயர் தமிழகத்து வீடுகளிலும் பரவியது. அத்தட்டுக்களை அன்று வாங்கியவர் எந்த நிறுவனத்தார் செய்த இசைப்பெட்டியிலும் இன்றும் சுழலவிட்டுக் கேட்கலாம்.

திருமலையின் சுவர்களிலும் ஒரு செய்தி இருக்கின்றது. அங்கும் கீழ்த்திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுக்களுட் பெரும்பாலானவை தமிழ். 1953 வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்ததையும், 2022 வரை திருப்பதி அம்மாவட்டத்தில் இருந்ததையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், யாதவராயன் வீரநரசிங்கதேவன் காலத்தில் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய சுவரிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டுவித்தனர். சாமவை என்னும் பல்லவ குலத்துப் பெருமாட்டி வெள்ளித் திருமேனி செய்தளித்த செய்தி நம் கைக்கு வந்ததும் இவ்வாறே. கல் மாறிற்று, சொல் மாறவில்லை. படியெடுக்க எவரும் தடை சொல்லாமையால் கொடையும் கொடுத்தவர் பெயரும் நின்றன.

இனி இக்காலத்துக்கு வருவோம். 2009இல் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்களை, வாங்கியவர்களின் படிப்புக் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே அழித்தது. விற்பனை உரிமை இல்லாதார் அவற்றைக் கடையில் ஏற்றிவிட்டனர் என்பது சொல்லப்பட்ட காரணம். பணம் திரும்பி வந்தது, நூல் போயிற்று. 2019இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது விற்ற நூல்கள் அனைத்தும் படிக்க முடியாதனவாயின. அங்கும் விலை திருப்பித் தரப்பட்டது. வாடகைக்கு எடுத்த பொருளுக்குத்தான் இந்நிலை பொருந்தும் என்பது நம் கருத்து. 2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய மின்னூலைக் கணிப்பொறியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது.

தமிழர்களாகிய நாம் இத்தகைய பூட்டை வேறு வகையில் முன்னரே கண்டோம். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கெனக் குறியீட்டு முறை கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் தட்டிய பக்கம் அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எம்மனோர்க்கு இத்தொல்லையை விளக்க வேண்டுவதில்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுக் குறியீட்டுக்கு வழி கண்டது. 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. பழைய கோப்புகளை மாற்றும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

நூலும் பாட்டும் இருக்கட்டும். நம் கடிதங்கள், நிழற்படங்கள், நோய்க் குறிப்புகள், வரவுசெலவு ஆகியவற்றின் நிலை என்ன? 2011 ஜனவரி முதல் நாடெங்கும், எண்ணை மாற்றாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகின்றது. எண் நம்முடையது என்று அரசு ஒப்புக்கொண்டதன் பயன் இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒருவர் ஒரு நிறுவனத்திடம் தந்த தம் விவரங்களைக் கணிப்பொறி எளிதில் படிக்கும் பொது வடிவிற் கேட்டுப் பெறலாம். வேறொரு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். நம் நாட்டில் 2019இல் மக்களவையில் வைக்கப்பட்ட மசோதாவில் இவ்வுரிமை தனிப் பிரிவாக இடம்பெற்றிருந்தது. 2022 ஆகஸ்டில் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தனிமனித மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களின் சுருக்கத்தைக் கேட்கவும், பிழையைத் திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை தருகின்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. எடுத்துச் செல்லும் உரிமையைக் கூறும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை.