யாழ்ப்பாணத்துப் பழைய கார்களும் ரைமிங் செயினும்

ஒஸ்ரின் ஏ 40, மொரிஸ் மைனர் முதலிய கார்கள் இருபதாம் நூற்றாண்டு கழிந்த பின்னரும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் ஓடின. ஏ 40 இன் டெவன், சோமசெற் வகைகள் இங்கிலாந்தில் 1947 முதல் 1954 வரையும், மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரையும் உற்பத்தியாயின. பழமையின்மீது கொண்ட பற்று மாத்திரம் அவற்றை இங்கு நிலைநிறுத்தவில்லை. புதியன கிடையாமையே முதற்காரணமாகும்.

1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கையிற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் பின்னர் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. ஆயினும் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, குடாநாட்டுக்குள் எரிபொருளும் வாகன உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. அளவாகக் கிடைத்த மண்ணெண்ணெயே கார்களுக்கும் எரிபொருளாயிற்று. காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேறச் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதனைப் பொறுத்துக்கொண்டன.

பொறுத்தனவேயன்றிச் சேதமின்றித் தப்பவில்லை. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அந்த ஒயிலையே நம்பி ஓடும் உறுப்புகளுள் ஒன்று ரைமிங் செயின் எனப்படும் சங்கிலி. எஞ்சினின் முன்புறத்து மூடிக்குள் இருக்கும் இச்சங்கிலி, கிராங் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழலுமாறு இரண்டையும் பிணைத்து, வால்வுகளை உரிய வேளையில் திறப்பிக்கின்றது. கண்ணிகளின் ஊசிகள் சிறிது சிறிதாகத் தேயவே சங்கிலி முழுவதும் நீளும். வால்வுகள் காலந்தாழ்த்தித் திறக்கும். வண்டியின் இழுவை குன்றும்.

இந்நோயை அறிதலிலேதான் திருத்துநரின் திறமை விளங்கும். வால்வுகளின் தட்டொலி எஞ்சினின் மேற்புறத்தே எழும்; தளர்ந்த சங்கிலியின் சலசலப்போ முன்புறத்தே, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் மிகுதியாகக் கேட்கும். நீண்ட திருப்புளியின் நுனியை மூடியில் வைத்துப் பிடியிற் காதைப் பொருத்தினால் இவ்வேறுபாடு தெளிவாகும். அடுத்து, எஞ்சினை நிறுத்தி, டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி, கிராங் தண்டை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்ப்பர். தண்டு அசைந்தும் உள்ளேயுள்ள றோற்றர் உடனே அசையாதிருப்பின், இடையே தளர்வு உண்டு. டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிப் பொறியின் வேளையைச் சீர்செய்யலாம். வால்வுகளின் தாமதம் அதனால் நீங்காது.

மாற்றும் வேலை பொறுமையை வேண்டுவது. றேடியேற்றரையும் கிராங் கப்பியையும் கழற்றி, முன்மூடியைத் திறத்தல் வேண்டும். இரு பற்சில்லுகளிலுமுள்ள புள்ளிக் குறிகள் ஒன்றையொன்று நேர்நோக்கி நிற்குமாறு எஞ்சினைத் திருப்பிவிட்டு, சில்லுகளையும் சங்கிலியையும் ஒருசேர இழுத்தெடுப்பர். புதியவற்றை அதே நேர்மையிற் பொருத்துவர். ஒரு பல் பிசகினும் எஞ்சின் செவ்வனே ஓடாது. தேய்ந்த சில்லுகளில் புதுச் சங்கிலியை மாட்டினால் அதுவும் விரைவில் தேயும். தடைக்காலத்திலோ புதியது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடாது நின்ற வண்டிகளின் உறுப்புகள் ஓடும் வண்டிகளுக்கு உயிரளித்தன. பழைய சங்கிலிகள் பலவற்றுள் தேய்வு குறைந்ததைத் தெரிந்தெடுப்பதும் ஒரு கலையாயிற்று.

2002 இல் ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. 2006 இல் மூடியது. 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. புதிய வாகனங்கள் பெருகின. பழைய கார்கள் அருகின. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க ஒரு வண்டியேனும் ஓடவேண்டும் என்றிருந்த நாள்களில், அதனை ஓடவைத்தது திருத்துநரின் செவியும் கையுமாகும். அக்காலத்தின் வரலாற்றை எழுதுவோர், போர்க்களங்களின் பெயர்களோடு கராச்சுகளில் நிகழ்ந்த இவ்வுழைப்பையும் குறித்து வைத்தல் கடனாகும்.