பின்னிருக்கையின் அழகியல்

காரின் உள்ளழகு குறித்த பேச்சு எங்கே தொடங்கினாலும், தோலிருக்கை மேலானது, துணியிருக்கை கீழானது என்ற இடத்திற்கே வந்து சேர்கிறது. விலைப்பட்டியலும் அதையே சொல்கிறது: அடிநிலை வகைக்குத் துணி, உச்சநிலை வகைக்குத் தோல் அல்லது தோலைப் போன்ற ஒன்று. நூறாண்டுகளுக்கு முன் இவ்வரிசை தலைகீழாக இருந்தது. 1920-களின் லிமோசின் கார்களில் தோல் போர்த்தப்பட்டது ஓட்டுநரின் இருக்கைக்கு. அவர் அமர்ந்த முன்பகுதி பெரும்பாலும் திறந்தவெளி. மழையையும் புழுதியையும் தாங்கவும், பின்னர் துடைத்தெடுக்கவும் ஏற்ற பொருள் தோல்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்த உரிமையாளருக்கோ மேற்கு இங்கிலாந்தில் நெய்த மென்மையான கம்பளித் துணி. அது வெயிலில் சுடாது, குளிரில் விறைக்காது, உடல் அசையும்போது ஓசை எழுப்பாது. ஜப்பானில் 1967 முதல் தயாராகிவரும் டொயோட்டா செஞ்சுரியில் கம்பளித் துணிக்கு இன்றும் அந்த மதிப்பு குன்றவில்லை.

ஆக, ஒரு பொருள் அழகானதா என்பதை அதன் இயல்பு மட்டுமே முடிவு செய்வதில்லை. காருக்குள் அது யாருடைய இடத்தில் இருந்தது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இந்தியக் கார்களின் உட்புறத்தை இக்கோணத்தில் வாசித்தால் ஒரு நூற்றாண்டின் வர்க்க வரலாறு புலப்படும் என்று கருதுகிறேன். பதிவு சற்று நீளமானது; நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மொழியியல் பயின்ற பழக்கத்தால் முதலில் சொற்களிடம் செல்கிறேன். 'டேஷ்போர்டு' என்பது குதிரை வண்டியின் முன்புறம் நிறுத்தப்பட்ட பலகை. குதிரையின் குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியில் இருப்பவர் மீது படாமல் தடுப்பதே அதன் வேலை. தொடுதிரையும் போலி மரப்பட்டையும் பளபளக்கும் இன்றைய டேஷ்போர்டு அந்தச் சேற்றுப் பலகையின் வழித்தோன்றல். 'டிக்கி'யின் கதை இன்னும் கூர்மையானது. குதிரை வண்டியில் அது ஓட்டுபவரோ வேலையாளோ அமரும் இருக்கை. தொடக்கக்கால மோட்டார் கார்களில் வண்டியின் பின்புறம் மடக்கித் திறக்கும் கூடுதல் இருக்கை. பின்னர் இந்திய ஆங்கிலத்திலும் அதன் வழியே தமிழிலும் சாமான் வைக்கும் இடம். வேலையாளுக்குரிய இடத்தின் பெயர் மூட்டைக்குரிய இடத்தின் பெயராயிற்று! 'ஷோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் மூலப்பொருள் கொதிகலனுக்கு நெருப்பிடுபவர். இலங்கைத் தமிழில் ஓட்டுநர் இன்றும் 'சாரதி'தான். அச்சொல்லுக்குள்ளும் மதிப்புச் சிக்கல் உண்டு. கர்ணனுக்குத் தேரோட்டும்படி கேட்கப்பட்ட சல்லியன் அதைத் தன் குலத்துக்கு இழுக்கெனக் கருதிச் சினந்தான். அதே போரில் கண்ணன் பார்த்தனுக்குச் சாரதியாக இருந்தான். வண்டியின் முன்னிடம் இழிவா உயர்வா என்ற வழக்கு மோட்டாருக்கு வெகுகாலம் முந்தியது.

சமஸ்தானங்களின் கார்களைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டதால் விரைந்து கடக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் அடிச்சட்டத்தையும் எந்திரத்தையும் மட்டுமே விற்றது. உடலைத் தனிக் கூண்டு கட்டுநர்கள் செய்தார்கள். 1934-இல் ராஜ்கோட் அரசருக்காகக் கட்டப்பட்ட 'ஸ்டார் ஆஃப் இந்தியா' அவ்வாறு லண்டனின் த்ரப் அண்டு மேபர்லி கைவண்ணத்தில் உருவானது. இந்தியாவிலும் குதிரை வண்டி கட்டியவர்களே மோட்டார் உடலுக்கு மாறினார்கள். 1840-இல் சென்னையில் வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்ப்சன் இதற்குத் தெரிந்த சான்று. எனவே காரின் உள்ளழகு பிறந்தது பல்லக்கையும் சாரட்டையும் அலங்கரித்த அதே கைகளில்தான். அரசகுலப் பெண்களுக்கெனத் திரையும் நிறக்கண்ணாடியும் இட்ட 'பர்தா' கார்களும் கட்டப்பட்டன. தடுப்புக் கண்ணாடியும், பின்னாலிருந்து ஓட்டுநருக்கு ஆணையிடும் பேச்சுக்குழாயும் அன்றைய ஆடம்பரக் காரின் உறுப்புகள். முன்னும் பின்னும் கலவாதிருப்பதும் அழகின் பகுதியாகவே எண்ணப்பட்டது.

விடுதலைக்குப் பின் தடுப்புக் கண்ணாடி மறைந்தது. பின்னிருக்கையின் தலைமை மறையவில்லை. உத்தர்பாராவில் 1957-இல் வெளிவரத் தொடங்கிய அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவம். முன்பக்கத்திலும் நீள்பலகை இருக்கை, ஸ்டீயரிங் தண்டில் கியர், எளிய கருவிப் பலகை. வடிவமைப்பாளர் பெருமைப்பட அதன் முன்பகுதியில் அதிகம் ஒன்றுமில்லை. பின்னாலோ உயர்ந்த கூரை, அகன்ற மெத்தை, வேட்டியும் சேலையும் கசங்காமல் ஏறி இறங்கப் போதிய வாசல். அமைச்சரும் ஆட்சியரும் அமர்ந்த இடம் அது.

அந்த இருக்கையின் மீது விரித்த வெள்ளைத் துவாலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அடியில் இருப்பது பெரும்பாலும் ரெக்ஸின். பிரிட்டனில் ஒரு நிறுவனம் தன் செயற்கைத் தோல்துணிக்கு வைத்த வணிகப்பெயர் அது. அங்கே அச்சொல் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. இங்கே எல்லாச் செயற்கைத் தோலுக்கும் பொதுப்பெயராகி, பள்ளிப் பை முதல் சலூன் நாற்காலி வரை வாழ்கிறது. மே மாத வெயிலில் நின்ற காரின் ரெக்ஸின் மீது அமர்ந்தவருக்குத் துவாலையின் தேவையை விளக்க வேண்டியதில்லை. அது வியர்வையை உறிஞ்சும், சூட்டைத் தடுக்கும். ஆனால் அதற்குச் சாம்பல் நிறத் துவாலையே போதும், அழுக்கும் தெரியாது. வெள்ளை ஏன்? வெள்ளை நாள்தோறும் துவைக்கப்பட வேண்டும். துவைத்து, மடித்து, காலையில் விரிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதை அத்துணி தானாகவே அறிவிக்கிறது. அதிகாரியின் நாற்காலியிலும் அதே துவாலை போர்த்தப்படுவது தற்செயலன்று. பிறருடைய அன்றாட உழைப்பைக் கண்ணுக்குத் தெரியும் வெண்மையாக மாற்றியது என்பதே அந்தத் துவாலை அழகாகத் தோன்றியதற்குக் காரணம் என்பது என் வாசிப்பு. அதே காரின் ஓட்டுநர் இருக்கையில் வெள்ளைத் துவாலை இருப்பது அரிது. அங்கே மரமணிகள் கோத்த விரிப்பு. முதுகுக்கும் இருக்கைக்கும் இடையில் காற்று ஓடுவதற்கு அதைவிடச் சிறந்த மலிவான ஏற்பாடு கிடையாது. உள்ளழகு பற்றிய எழுத்துகளில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் கார் வாங்கினார்கள். கிடைத்தால் போதும் என்ற நிலையில் ஆலைக்கு உட்புறத்தைப் பற்றிய கவலை எதற்கு? அக்கவலையைச் சீட் கவர் கடைகள் ஏற்றுக்கொண்டன. தில்லியின் கரோல் பாக், சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் கார் இரண்டாம் முறை பிறந்தது. நிறம், தையல், விளிம்பு வரி, கூரைத்துணி எல்லாம் தையற்காரரும் வாடிக்கையாளரும் பேசி முடிவு செய்தவை. இந்திய வடிவமைப்பு வரலாறு எழுதுபவர்கள் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தொடங்கும் வழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, இக்கடைகளுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம்.

ஓட்டுநரே உட்புறத்தை முடிவு செய்த ஓர் இடமும் உண்டு: மும்பையின் கறுப்பு–மஞ்சள் டாக்ஸி. ஃபியட் 1100-ஆகப் பிறந்து 1974-இல் பிரீமியர் பத்மினி எனப் பெயர் மாறிய அந்தச் சிறு காரின் கூரையில் பூக்களும் கொடிகளும் கட்டங்களும் அச்சிட்ட துணியோ பிளாஸ்டிக்கோ ஒட்டப்பட்டன. டேஷ்போர்டில் பிள்ளையாரோ மெக்காவின் படமோ, அதைச் சுற்றி வண்ண விளக்கு, பிளாஸ்டிக் மலர்ச்சரம். பயணி அண்ணாந்து பார்க்கும் கூரையை ஓட்டுநர் தன் ரசனைக்கேற்பத் தேர்ந்தெடுத்தார். 2015-இல் 'டாக்ஸி ஃபேப்ரிக்' என்ற முயற்சி இளம் வடிவமைப்பாளர்களைக் கொண்டு இவ்வண்டிகளின் இருக்கையையும் கூரையையும் புதிய ஓவியத் துணிகளால் போர்த்தியது. உலகின் கவனமும் கிடைத்தது. அத்துணிகள் அழகானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அவற்றில் வடிவமைப்பாளரின் பெயர் இருந்தது. அதற்கு முந்தைய கூரைகளில் எவர் பெயரும் இல்லை; எனவே ஒரு ரசனை 'வடிவமைப்பு' ஆனது, மற்றொன்று 'டாக்ஸி அலங்காரம்' என்ற அளவிலேயே நின்றது.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 ஒரு திருப்பம். முன்னால் தனித்தனி இருக்கைகள், தரையில் கியர், நெருக்கமான பின்னிருக்கை. உரிமையாளரே ஓட்டும் கார் என்பதை அதன் அமைப்பே சொன்னது. அழகின் மையம் பின்னிருக்கையிலிருந்து டேஷ்போர்டுக்கு நகர்ந்தது இதன் பிறகே. ஆனாலும் பழைய அளவுகோல் மறையவில்லை. 1998-இல் இண்டிகாவை அறிமுகப்படுத்தியபோது டாடா குழுமம் சொன்ன இலக்குகளுள் ஒன்று, சிறிய காருக்குள் அம்பாசிடரின் உள்ளிடம். நாற்பதாண்டுப் பழைய பின்னிருக்கை ஒரு தேசிய அலகாகியிருந்தது.

பின்னர் வந்த நடுத்தர வர்க்கக் கார்களில் 'பெய்ஜ்' எனப்படும் மணல்நிறம் பரவியது. சிறிய உட்புறத்தைப் பெரிதாகக் காட்டும் என்பது பொதுவான விளக்கம்; அது சரியே. ஆயினும் புழுதி மிகுந்த நாட்டில் வெளிர்நிற இருக்கையைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் ஆலை போட்டனுப்பிய பாலித்தீன் உறையை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருக்கும் வழக்கத்தை இடவசதியைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. பெய்ஜை வெள்ளைத் துவாலையின் வாரிசாகவே காண்கிறேன், துவைக்கும் ஆள் இல்லாத வீட்டின் துவாலையாக. செயற்கைத் தோலோ இதற்கிடையில் பெயரை மாற்றிக்கொண்டே வந்தது: ரெக்ஸின், லெதரெட், இப்போது மின்சாரக் கார்களில் 'வீகன் லெதர்'. வேதிப்பொருளில் வேறுபாடு இருக்கலாம். துணியின் மேல் பூசிய நெகிழி என்ற அடிப்படை மாறவில்லை.

பின்னிருக்கை முற்றிலும் பதவி இழக்கவுமில்லை. 2017-இல் மெர்சிடிஸ் ஈ வகுப்பின் நீட்டிக்கப்பட்ட வடிவமும், 2021-இல் பிஎம்டபிள்யூ மூன்றாம் வரிசையின் நீண்ட வடிவமும் இந்தியாவுக்கு வந்தன. கூடிய நீளம் பின்னால் அமர்பவரின் காலுக்கே போய்ச் சேர்ந்தது. பின்னால் இருந்தபடியே முன்னிருக்கையைத் தள்ளி நகர்த்தும் பொத்தானுக்கு 'பாஸ் மோட்' என்று பெயர் வழங்குகிறது. கண்ணாடிகளில் கறுப்பு ஒட்டுப்படலத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை செய்தது. உயர்விலைக் கார்களிலோ பொத்தானை அழுத்தினால் எழும் திரையை ஆலையே பொருத்தித் தருகிறது.

கடைசிப் பத்மினி மும்பையில் டாக்ஸியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. இருபதாண்டு வரம்பு முடிந்ததால் 2023 அக்டோபர் 30 முதல் அவ்வண்டிகள் நகரச் சாலைகளில் இல்லை. அம்பாசிடரைப் பாதுகாக்கத் தனியார் சேகரிப்பாளர்கள் பலர் உண்டு. டாக்ஸிக் கூரைகள் பெரும்பாலும் வண்டியோடு பழைய இரும்பாகப் போயிருக்கும்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் டாக்ஸி, வேன், ஷேர் ஆட்டோ ஆகியவற்றின் உட்புற ஒளிப்படங்கள், 2010-க்கு முந்தையவை, இருந்தால் ஆண்டும் ஊரும் குறித்துப் பகிருங்கள். சீட் தைப்பவர் எவரேனும் உங்களுக்கு அறிமுகமானவர் என்றால், இருக்கையின் விளிம்புத் தையலுக்கும், உள்ளே திணிக்கும் நாருக்கும், கூரைத்துணிக்கும் அவர் வழங்கும் சொற்களைக் கேட்டு, அவர் ஒலிப்பது போலவே எழுதி அனுப்புங்கள்.