93.7% துல்லியம்... ஆனா யாருக்கு? முகமறியும் மென்பொருளும் நிறப் பாகுபாடும்

முகத்தைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்லும் ஒரு மென்பொருள், 100 முறையில் கிட்டத்தட்ட 94 முறை சரியாகச் சொல்கிறது. 'பரவாயில்லையே, நல்ல மார்க்தான்' என்று நினைப்பீர்கள். மீதி ஆறு தப்பும் யார் தலையில் விழுகிறது என்று கேட்கத் தோன்றாது. ஒரு மாணவிக்குத் தோன்றியது.

யார் அந்த மாணவி?

ஜாய் புவோலம்வினி. கானா வம்சாவளி அமெரிக்கர். எம்.ஐ.டி. மீடியா லேபில் படிக்கும்போது, ஒரு புராஜெக்டுக்காக எடுத்த மென்பொருள் அவருடைய முகத்தையே கண்டுபிடிக்கவில்லை. வெள்ளை முகமூடியை மாட்டிக்கொண்டதும் உடனே கண்டுபிடித்தது. 'நம்ம கேமராதான் சரியில்ல போல' என்று அவர் விட்டுவிடவில்லை. அதையே முதுநிலை ஆய்வாக்கினார்.

என்ன செய்தார்?

ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, ஃபின்லாந்து, ஸ்வீடன் ஆகிய 6 நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைத் திரட்டினார். தோல் நிறம், பாலினம் இரண்டையும் சேர்த்து நான்கு குழுக்களாகப் பிரித்தார். மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., ஃபேஸ்++ மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார். டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து 'ஜெண்டர் ஷேட்ஸ்' என்ற பெயரில் 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்.

முடிவு என்ன?

நாம் பார்த்த 93.7% மைக்ரோசாஃப்டின் மொத்த மதிப்பெண். அதைப் பிரித்துப் பாருங்கள்:

வெளிர்நிற ஆண்கள்: பிழை 0%
வெளிர்நிறப் பெண்கள்: 1.7%
கருநிற ஆண்கள்: 6%
கருநிறப் பெண்கள்: 20.8%

ஐ.பி.எம்.மில் கருநிறப் பெண்களுக்கான பிழை 34.7%. அதாவது, மூன்று பேரில் ஒருவரைத் தப்பாகச் சொல்லியிருக்கிறது.

ஏன் இப்படி?

இத்தகைய மென்பொருள்களைச் சோதிக்கப் பயன்பட்ட இரண்டு படத் தொகுப்புகளில், வெளிர்நிறத்தவர் 79.6%, 86.2% என்ற அளவில் இருந்தார்கள். கேள்வித்தாளே ஒருபக்கமாக இருந்தால், மார்க் நல்லாத்தான் வரும்!

இது திருத்தக்கூடிய கோளாறுதான். 2019 மறு ஆய்வில் மைக்ரோசாஃப்டின் 20.8% பிழை சுமார் 1.5% ஆகக் குறைந்திருந்தது. முதல் ஆய்வில் இடம்பெறாத அமேசானில் அதே பிரிவில் பிழை 31.4%.

ஆண், பெண் மாறுவதில் என்ன பெரிய ஆபத்து?

இதே தொழில்நுட்பக் குடும்பம்தான் ஆளை அடையாளம் காணவும் பயன்படுகிறது. அமெரிக்க அரசின் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2019-ல் 189 அல்காரிதங்களைச் சோதித்தது. ஒருவரை இன்னொருவர் என்று பொருத்திவிடும் தவறு, ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களில் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. ஆனால், ஆசியாவில் உருவான சில அல்காரிதங்களில் ஆசியர், வெள்ளையர் இடையே அந்தப் பெரிய இடைவெளி இல்லை. எந்த முகங்களைப் பார்த்துப் பழகுகிறது என்பதைப் பொறுத்ததாக அது இருக்கலாம்.

2020 ஜனவரியில் டெட்ராய்ட் போலீஸ், கடிகாரத் திருட்டு வழக்கில் கறுப்பினத்தவர் ஒருவரை மனைவி, மகள்கள் கண்ணெதிரே கைது செய்தது. மென்பொருள் காட்டிய முகம் தப்பு. அவர் சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார்.

அது அமெரிக்கா. நமக்கென்ன?

'ஜெண்டர் ஷேட்ஸ்' எடுத்த 6 நாடுகளில் இந்தியா இல்லை. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் இங்கே வந்துவிட்டது. விமான நிலையங்களில் டிஜியாத்ரா 2022 டிசம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு ஓர் ஆர்.டி.ஐ. பதிலில், முகம் 80%-க்கு மேல் ஒத்துப்போனால் அதைப் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாக டெல்லி போலீஸ் சொன்னது. கவனியுங்கள்: அது ஒற்றுமைக்கான மதிப்பெண். 'இவர்தான் அவர்' என்பதற்கு 80% வாய்ப்பு என்று அர்த்தமில்லை.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்கள் ஆபீஸில் முகம் காட்டி அட்டெண்டன்ஸ் போடும் கருவி வாங்கப்போகிறார்களா? மூன்று கேள்விகள் போதும். யாருடைய முகங்களில் சோதித்தீர்கள்? ஒவ்வொரு குழுவுக்கும் பிழை எவ்வளவு? மெஷின் 'நீ இல்லை' என்று சொன்னால், யாரிடம் போய் முறையிடுவது?

சராசரியை மட்டும் காட்டினால், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.