மஞ்சப்பைக்குள் ஓர் எக்ஸ்ரே

சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவமனைக்கு மூட்டுவலி, முதுகுவலி என்று வருகிறவர்களில் பலர் வெறுங்கையோடு வருவதில்லை. காட்டுமன்னார்கோவில், புவனகிரி, பரங்கிப்பேட்டை பக்கமிருந்து காலைப் பேருந்தில் வந்து, சீட்டு வாங்கி, பெஞ்சில் உட்காரும்போது மடியில் ஒரு மஞ்சப்பை இருக்கும். பைக்குள் ஒரு பெரிய பழுப்பு உறை. உறைக்குள், இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரே. மடங்கிவிடக் கூடாதே என்று, ரேஷன் கார்டையும் நிலப் பத்திரத்தையும் வைக்கிற டிரங்குப் பெட்டியிலேயே அதையும் பாதுகாத்திருப்பார்கள். மருத்துவர் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுவார்கள்: "போன தடவ எடுத்தது சார், இதையும் பாத்துடுங்க."

அந்தக் கரும்படலத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலேயே நடந்தது.

சிதம்பரம் மருத்துவமனையின் வயது அதிகமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985இல்தான் வந்தது. பல்கலைக்கழக நிர்வாகத்தை 2013இல் அரசு ஏற்றது. 2021இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக ஆனது. கல்லூரி வருவதற்கு முந்தைய காலத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்கள், பெரிய வைத்தியம் என்றால் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ரயிலேறினார்கள். சின்ன முறிவு என்றால் ஊரிலேயே கட்டுப்போடுகிறவர் இருந்தார். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, துணி, இவையே அவருடைய கருவிகள். எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்பதை அவர் விரல் நுனியால் தடவித்தான் அறிந்தார்.

விரல் தடவி அறிந்ததைக் கண்ணால் காணும் வழி 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்தது. வில்ஹெல்ம் ரான்ட்கன் அந்த டிசம்பரில் தன் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் மட்டும் இருளில் நின்றன. சென்னைப் பொது மருத்துவமனையில் இந்தக் கலையை வளர்த்தவர் கேப்டன் டி. டபிள்யூ. பர்னார்ட். அவர் பெயரைத் தாங்கிய பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934இல் அங்கே திறக்கப்பட்டது. ஆசியாவின் பழைய கதிரியல் நிலையங்களில் அதுவும் ஒன்று.

திறந்த மூன்றே ஆண்டில், எலும்புப் படத்தைப் படிப்பதில் சென்னை ஒரு பெரிய காரியம் செய்தது.

அப்போது நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே சில ஊர்களில் உழவு மாடுகள் கால் விறைத்து நடக்கமுடியாமல் போவதை உழவர்கள் கவனித்திருந்தார்கள். மனிதர்களுக்கும் அதே கதைதான். நடுவயதிலேயே முதுகு வளைய மறுத்தது. சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. பக்கத்தில் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப இயலாமல் முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தார்கள். கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட்டும், பர்னார்ட், மெக்ராபர்ட், நாயர் ஆகியோரும் இதை ஆராய்ந்து 1937இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் எழுதினார்கள்.

எக்ஸ்ரேயில் அந்த எலும்புகள் இயல்புக்கு மீறிய வெண்மையோடு, சுண்ணாம்பு அப்பியதுபோல் தெரிந்தன. முதுகெலும்புக் கட்டைகளின் ஓரத்தில் முளைகள் கிளம்பி ஒன்றையொன்று தொட்டன. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள்கூட இறுகி எலும்பாகிக்கொண்டிருந்தன. எக்ஸ்ரேயில் சாதாரணமாகத் தெரியவே கூடாதவை அந்த நார்கள். காரணம் குடிநீர்க் கிணற்றில் இருந்தது. நீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு, ஆண்டுக்கணக்கில் எலும்பின் கனிமத்துக்குள் புகுந்து குடியேறியிருந்தது. ஒரு மனிதரின் முதுகைப் படமெடுக்கப் போய், ஊரின் கிணற்றையே படித்துவிட்டார்கள். ஃபுளோரைடு பாதிப்பு பற்றிய இந்திய ஆய்வுகள் இன்றைக்கும் அந்த 1937 கட்டுரையிலிருந்துதான் தொடங்குகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது.

இனி, மஞ்சப்பைக்குள் இருக்கும் அந்தப் படலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். லேசான நீலம் பாய்ந்த பிளாஸ்டிக் தகடு. அதன்மேல் வெள்ளி உப்பின் நுண்மணிகள். வெள்ளி மணிகள் தகட்டில் தாமாக ஒட்டாது. அவற்றைத் தாங்கிப் பிடிக்க ஒரு பசை வேண்டும். அந்தப் பசைதான் ஜெலட்டின். அது மாட்டெலும்பிலிருந்து வருகிறது. எலும்பை நொறுக்கி, கொழுப்பை நீக்கி, அமிலத்தில் ஊறவைத்தால் கல்போன்ற கனிமம் கரைந்து போய்விடும். தோல்போல வளையும் ஒரு பொருள் மிஞ்சும். அதை ஓசீன் என்பார்கள். ஓசீனை வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் போட்டு, பிறகு வெந்நீரில் காய்ச்சி வடித்தால் ஜெலட்டின். கடலூர் சிப்காட் வளாகத்தில் எலும்பிலிருந்து இதைத் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. ஆக, மாட்டின் எலும்பை வைத்து மனித எலும்பைப் பார்த்தோம் என்பது உவமையே இல்லை, நேரான உண்மை. படலத்தை நம் மாநிலத்திலேயே செய்தவர்களும் உண்டு. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் சினிமாச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. டிஜிட்டல் காலத்தில் அது தாக்குப்பிடிக்கவில்லை.

அமிலத்தில் கரையாமல் மிஞ்சிய அந்த வளையும் பொருள் எது? அதுதான் கொலாஜன். எலும்புக்குள் கனிமத்தைப் பிடித்து வைப்பது அதுதான். தசையை எலும்போடு கட்டும் நாணும், மூட்டுக்குள் மெத்தைபோல் கிடக்கும் குருத்தெலும்பும் பெரும்பாலும் அதனால் ஆனவை. நம் உடம்பின் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். அதன் வடிவம் என்ன என்ற கேள்விக்கு 1950களின் தொடக்கம் வரை உலகில் சரியான விடை இல்லை.

விடை கிண்டியிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் மருத்துவர். கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறை தொடங்க அவர் சி. வி. ராமனை அழைத்தபோது, ராமன் தன் மாணவர் ஜி. என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். 1952இல் ராமச்சந்திரன் துறைத் தலைவராக வந்து சேர்ந்தபோது வயது முப்பது. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தவர், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னது ராமச்சந்திரன் மனதில் தங்கிவிட்டது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறி விழுந்த புள்ளிகளின் கோலத்தைப் படமெடுத்தார்கள். பந்தும் கம்பியும் கோத்து மாதிரி செய்து பார்த்தார்கள். மூன்று இழைகள் சேர்ந்து நிற்கும் வடிவம் வந்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். மறு ஆண்டே, மூன்று இழைகளும் கயிறு திரிப்பதுபோல் ஒன்றையொன்று சுற்றுவதாகத் திருத்தினார்கள். நுணுக்கங்களில் வாதம் நடந்தாலும் மூவிழைக் கயிறு நிலைத்தது.

ராமச்சந்திரனின் இரண்டாவது கொடை இதைவிட நேராக நோயாளியிடம் வந்து சேர்ந்தது.

சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொள்ளலாம். வெளியே ஒரே இடத்தில் நின்றால் முன்தூண் பின்தூணை மறைக்கும். உள்ளே நுழையாமலேயே எந்தத் தூண் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட வேண்டுமானால், மண்டபத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு கோணத்திலும் விழும் நிழலைக் குறித்து, எல்லா நிழலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சிடி ஸ்கேன் செய்வது அதைத்தான். எக்ஸ் கதிர் உடம்பைச் சுற்றி வருகிறது. கணினி நிழல்களைச் சேர்க்கிறது. நிழல்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் படம் இழுபட்டுக் கலங்கிவிடும். அந்தக் கலங்கலை முன்கூட்டியே கழித்துவிட்டுப் பிறகு சேர்க்கும் விரைவான வழியை, ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இடம்மாறியிருந்த சமயம் அது. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதிதான் லண்டனில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் இயற்பியலாளர் கார்மாக்குக்கும் 1979இல் நோபல் கிடைத்தது. ராமச்சந்திரனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 'ராம்-லாக்' வடிகட்டி என்ற பெயரில் அந்த இரண்டு பேரும் உலகெங்கும் கதிரியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறார்கள்.

ராமச்சந்திரனின் கணக்கு ஒருபுறம் இருக்க, சென்னை மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவர்கள் வேறொரு படிப்பில் இறங்கியிருந்தார்கள். முதுகெலும்புக் காசநோய் அப்போது ஏழைக் குழந்தைகளைக் கூன் விழச் செய்தது. மருந்தே போதுமா, அறுவை வேண்டுமா என்று இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமங்கள் சென்னையில் நடத்திய நீண்ட ஆய்வில், நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரவழைக்கப்பட்டு எக்ஸ்ரே எடுக்கப்பட்டார்கள். அந்தப் படங்களை அடுக்கி வைத்து அளந்த எஸ். ராஜசேகரனும் டி. கே. சண்முகசுந்தரமும் 1987இல் ஒரு சூத்திரம் தந்தார்கள்: முதல் படத்தில் எலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்பதை அளந்தால், கடைசியில் கூன் எத்தனை டிகிரியில் நிற்கும் என்று சொல்லிவிடலாம். 2001இல் ராஜசேகரன் இன்னும் முன்னே போனார். குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, நோய் குணமான பிறகும் யாருக்குக் கூன் வளரும் என்பதை முன்கூட்டியே காட்டும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களைக் குறித்தார். நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக இருந்த படம், எந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் அறுவை தேவை என்று முன்னால் சொல்லும் கருவியாக மாறியது.

அவரே பின்னாளில் கோவை கங்கா மருத்துவமனையில், நாற்று நட்டும் மூட்டை தூக்கியும் இடுப்பு ஒடிந்தவர்களுக்கு நெருக்கமான ஒரு கேள்வியை எம்ஆர்ஐ வழியே கேட்டார். முதுகெலும்புத் தட்டுக்கு ரத்தக் குழாய் கிடையாது; அப்படியானால் அது எப்படி உயிர் வாழ்கிறது? மருந்தொன்றை ரத்தத்தில் செலுத்தி, ஒரே ஆளை 24 மணி நேரத்துக்குள் பலமுறை படமெடுத்துப் பார்த்தார்கள். தட்டின் மேலும் கீழும் உள்ள மெல்லிய மூடி வழியே உணவு மெதுவாகக் கசிந்து உள்ளே போவதும், மூடி சிதையும்போது அந்தக் கசிவு முறை மாறுவதும் தெரிந்தன. இந்த ஆய்வு 2004இல் பன்னாட்டு இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசைப் பெற்றது.

இன்றைக்குச் சிதம்பரம் போன்ற ஊர்களிலும் படம் கணினித் திரைக்கே வந்துவிடுகிறது. பிலிம் குறைந்துகொண்டே போகிறது. ஆனாலும் மஞ்சப்பையோடு வருகிற அம்மாவின் பழைய படத்தை மருத்துவர் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். முழங்காலில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு. எக்ஸ்ரேயில் எதுவுமே இல்லாததுபோல் தெரியும் அந்த இடத்தில்தான் குருத்தெலும்பு இருக்கிறது, கிண்டியில் வடிவம் கண்டறியப்பட்ட அதே மூவிழைக் கயிற்றால் ஆனது. பழைய படத்தில் கோடு சற்று அகலம். திரையில் இருக்கும் புதுப் படத்தில் ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது.

"இந்த எடம் தேஞ்சிருக்கும்மா," என்று விரலால் காட்டுகிறார். அம்மா எட்டிப் பார்க்கிறார். பிறகு படத்தை வாங்கி உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, அடுத்த முறைக்குப் பத்திரமாக எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.