மால்தாரியின் எருமையும் கீர்ச் சிங்கமும்

'மால்தாரி' என்னும் குஜராத்திச் சொல்லில் 'மால்' என்பது பொருட்செல்வத்தையும் குறிக்கும், கால்நடையையும் குறிக்கும். 'மாடு' என்பதற்குச் செல்வம் என்றும் பொருள் கொண்ட தமிழுக்கு இது புதிதன்று. கீர்க் காட்டினுள் 'நேஸ்' எனப்படும் முள்வேலிக் குடியிருப்புகளில் எருமை வளர்த்து வாழ்ந்த மால்தாரிகளின் இந்தச் செல்வமே நெடுங்காலம் ஆசியச் சிங்கத்தின் உணவாகவும் இருந்தது.

இந்தியாவின் பிற பகுதிகளில் வேட்டையால் அழிந்த சிங்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜூனாகத் நவாபின் ஆட்சிப்பகுதியிலும் அதன் அண்டையிலும் மட்டுமே எஞ்சியது. நவாபின் வேட்டைக் கட்டுப்பாடு அதன் உயிரைக் காத்தது. அதன் இரைவிலங்குகளைப் பற்றி எவரும் பெரிதும் எண்ணவில்லை. 1965இல் கீர் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னரும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. அப்பதிற்றாண்டின் இறுதியில் அங்கு ஆய்வு மேற்கொண்ட பால் ஜோஸ்லின், சிங்கத்தின் உணவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கால்நடையே எனக் கண்டார். உள்ளூர் மந்தைகளோடு வெளியூர் மந்தைகளும் புல்லை மேய்ந்து தீர்த்ததால் மான்கள் அருகியிருந்தன. இன்னொரு காரணமும் உண்டு. தோலுக்காக வந்தவர்கள் இரையை விட்டுச் சிங்கத்தை விரட்டினர்; பசியாறாத சிங்கம் மீண்டும் ஒரு மாட்டைக் கொன்றது. உணவுப் பட்டியலை மட்டும் பார்க்கும் ஆய்வில் இது புலப்படாது.

1972இல் தொடங்கிய சிங்கச் சரணாலயத் திட்டம் வெளி மந்தைகளைத் தடுக்கக் காட்டின் எல்லையில் கல்மதில் எழுப்பியது. மால்தாரிக் குடும்பங்கள் பலவற்றை வெளியே குடியமர்த்தியது. 1975இல் காட்டின் நடுப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. புல் மீண்டது, புள்ளிமான் பெருகியது. ரவி செல்லம் 1993இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வின்படி, சிங்கத்தின் உணவில் காட்டு விலங்குகளே பெரும்பங்கு. அதே காடு, அதே சிங்கம், இடையில் இருபது ஆண்டுகள். கால்நடையைத் தின்பது கீர்ச் சிங்கத்தின் மாறா இயல்பு என்ற கருத்து இதற்குப் பின் நிற்க முடியாது.

ஆனால் இந்த மாற்றத்தின் விலையைச் செலுத்தியவர்கள் மால்தாரிகள். உழவறியாத ஆயர்களுக்கு உழுநிலம் தரப்பட்டது. காட்டில் தங்கியவர்களோ சிங்கத்திடம் மாடுகளை இழந்தாலும், இலவச மேய்ச்சலால் அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. பாதுகாப்பின் வெற்றியைச் சிங்கங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் நூல்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அந்த எண்ணிக்கை 1968இல் 177, 2015இல் 523, 2020இல் 674, 2025இல் 891. இறுதிக் கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்ட சிங்கங்கள் கீர் தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே இருந்தன. அம்ரேலி, பாவ்நகர் மாவட்டங்களின் வயல்களிலும் கடலோரப் புதர்க்காடுகளிலும் புள்ளிமான் அரிது. அங்கே நீலான், காட்டுப்பன்றி ஆகியவற்றோடு ஊர்மாடுகளும் உரிமையாளரற்றுத் திரியும் மாடுகளும் இரையாகின்றன. பயிரை அழிக்கும் நீலானைச் சிங்கம் கொல்வதால் உழவர் பலர் அதை வெறுப்பதில்லை. மாட்டை இழந்தவருக்கு அரசு இழப்பீடு தருகிறது. ஆயினும் கறவை எருமையின் சந்தை விலைக்கு அது ஈடாவதில்லை.